பஸ்ஸில் எழுதிய முப்பது நாள் மூச்சு

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து இரண்டு, மூன்று வருடங்கள் ஆகியிருக்கும். சென்னையில் குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்துகொண்டிருந்த சமயம். விடிந்ததும் தெருமுனையில் லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசை வைக்க வேண்டும். நாங்கள் அப்போது திருவொற்றியூரில், விம்கோ நகர் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தோம். நான் பக்கத்துத் தெரு பால்வாடியில் டீச்சர். கணவருக்கு மணலியில் கான்ட்ராக்ட் வெல்டிங் வேலை. மாமியார், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், நாங்கள் இருவர் என்று வீட்டில் நான்கு பேர்.

எனக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வீசிங் உண்டு. மழைக்காலம் வந்தால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவேன். மகளுக்கும் ஐந்து வயதில் அது ஆரம்பித்தபோதுதான் நான் முதன்முதலாக அதற்காக அழுதேன்.

ராயபுரத்தில் நாங்கள் காட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி ஆரம்பித்தார்கள். வீசிங் உள்ளவர்களின் மூச்சு நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது, மருந்தை எப்போது கூட்டலாம், எப்போது குறைக்கலாம் என்று பார்ப்பதற்காம். சேருகிறீர்களா என்று கேட்டார்கள், சேர்ந்தேன். நாலு பக்கத் தாளில் அவர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். படித்துப் பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள்.

வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு குழாய் கொடுத்தார்கள். வாயில் வைத்து ஒரே மூச்சில் பலமாக ஊதினால், மேலே உள்ள சிவப்பு முள் நகர்ந்துபோய் ஓர் எண்ணில் நிற்கும். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, மாலை ஆறு மணிக்கு ஒரு தடவை ஊதி, அந்த எண்ணை நோட்டில் எழுத வேண்டும். மாதம் ஒருமுறை நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். அவ்வளவுதான் எங்கள் வேலை.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் ஊதினேன். அப்புறம் பாருங்கள், காலை ஆறு மணிக்குத்தான் தண்ணி லாரி வரும். ஊதிக்கொண்டு நின்றால் குடம் போய்விடும். சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் உட்கார்ந்திருப்பார்கள். "இத்த வாயில வெச்சு ஊதிக்கினு இருந்தா உனக்கு டி.பி.ன்னு தெருவே பேசும். உள்ள வையி" என்று மாமியார் குழாயைப் பிடுங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிடுவார். உள்ளே வைத்தது உள்ளேயே இருந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் வந்தது. நோட்டில் முதல் வாரம் மட்டும் இருந்தது, மற்றதெல்லாம் வெள்ளை. பால்வாடியில் ரெஜிஸ்டர் எழுதிப் பழகிய கை ஆயிற்றே! பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தது. முந்நூற்றுப் பத்து, முந்நூற்று இருபது, நடுவில் ஒருநாள் இருநூற்று எண்பது என்று கூட்டிக் குறைத்து எழுத ஆரம்பித்தேன். ஒரே பேனாவில் எழுதினால் சந்தேகம் வரும் என்று நீலம் ஒன்று, கறுப்பு ஒன்று கொண்டு போயிருந்தேன்.

தேரடி தாண்டியிருக்கும். பக்கத்தில் இருந்த பெண் என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். மூக்குத்தி, கொசுவம் வைத்துக் கட்டிய சின்னாளப்பட்டி சேலை. மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதற்குள்ளிருந்து அதே மாதிரி நோட்டை எடுத்தார்!

"இன்னா டீச்சரு, நீயும் பஸ்லதான் எழுதுறியா?" என்றார். எனக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. டீச்சர் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்றால், நான் வாயால் நம்பர் சொல்லிக்கொண்டே எழுதியதை வைத்து யூகித்துவிட்டார்.

அவருக்குக் காசிமேட்டில் மீன் வியாபாரம். நாத்தனார் வீட்டுக்கு எண்ணூர் வரை போய்விட்டு அந்த வழியாக வருகிறார். "எனக்கு எழுத வராது. போன தபா கண்டக்டரு தம்பி எழுதிக் குட்துச்சு. இன்னிக்கு வேற ஆளு, மூஞ்சியே சரியில்ல. நீ இன்னா போட்டியோ அத்தயே எனக்கும் போட்டுடு."

"ஒரே மாதிரி இருந்தா ரெண்டு பேரும் மாட்டிக்குவோமே!"

"அப்ப எனக்குப் பத்து கம்மியா போடு. நான் மீன்கூடை தூக்குறவ, எனக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும்."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ராயபுரம் வருவதற்குள் இரண்டு பேருடைய முப்பது நாள் மூச்சையும் எழுதி முடித்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் எனக்குக் காசிமேட்டு அக்கா ஆகிவிட்டார். அவருக்கு நான் டீச்சரு.

இப்படியே மூன்று மாதம் ஓடியது. நான்காவது மாதம்தான் வினை வந்தது.

எங்களை எல்லாம் பார்த்துக்கொண்ட டாக்டரம்மா சின்ன வயசு. மதுரைப் பக்கம். வேலையில் அவ்வளவு ஈடுபாடு. என் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு அழகா யாருமே எழுதல மேடம். இன்னிக்கு மீட்டிங்குக்குப் பெரிய டாக்டர் வர்றார். தினமும் எப்படி மறக்காம ஊதுறீங்கன்னு மத்தவங்களுக்கு நீங்களே எடுத்துச் சொல்லணும்" என்றார். தலையை ஆட்டிவிட்டேன்.

கூடத்தில் முப்பது பேர் போல உட்கார்ந்திருந்தோம். எல்லாரும் எங்களைப் போல வீசிங்காரர்கள். பெரிய டாக்டர் முன்னால் நின்று பேசினார். "நீங்க எழுதுற ஒவ்வொரு நம்பரும் முக்கியம். இத வெச்சுத்தான் உங்களுக்கு மட்டும் இல்ல, இந்தப் பக்கத்துப் பிள்ளைங்களுக்கும் எப்ப எவ்வளவு மருந்துன்னு அடுத்து முடிவு பண்ணப் போறோம்" என்றார்.

பிள்ளைகளுக்கும் என்றதும் எனக்கு என் மகள் ஞாபகம் வந்துவிட்டது. நான் பஸ்ஸில் உட்கார்ந்து இஷ்டத்துக்குப் போட்ட முந்நூற்றுப் பத்தை நம்பி, நாளைக்கு என் மகளுக்கே ஒரு டாக்டர் மருந்தைக் குறைத்துவிட்டால்? அந்த ராத்திரியில் அவள் மூச்சுக்குத் தவித்தால்?

அதற்குள் டாக்டரம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். எழுந்து போனேன். என் நோட்டைப் பெரிய டாக்டர் கையில் பிடித்திருந்தார்.

"சார், அந்த நோட்டுல இருக்கிறது ஒண்ணுகூட உண்மை இல்ல. முதல் ஏழு நாளத் தவிர மத்ததெல்லாம் நான் பஸ்ல எழுதினது" என்றேன்.

பெரிய டாக்டர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டாக்டரம்மாவின் முகத்தை என்னால் பார்க்கவே முடியவில்லை. கிளம்பிப் போய்விடலாமா என்று நினைத்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்.

"டீச்சர மட்டும் ஒண்ணும் சொல்லாத டாக்டரு. என் நோட்டையும் அதுதான் எழுதிச்சு. பத்து கம்மியா போடச் சொன்னது நான்தான்!"

காசிமேட்டு அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடுத்து, வண்ணாரப்பேட்டையில் கயிற்றுக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர், எல்லாரும் பாய் என்று கூப்பிடுவோம், அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டே எழுந்தார். "நானும் உண்மையச் சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை கடை லீவு. அன்னிக்கு மட்டும் கரெக்டா ஊதியிருக்கேன். மிச்ச ஆறு நாளும் அந்த வெள்ளிக்கிழமையோட காப்பிதான்" என்றார்.

அவ்வளவுதான், கூடமே சிரித்துவிட்டது. நான், நான் என்று ஒவ்வொரு கையாக உயர்ந்தது. உயராத கைகளை எண்ணுவது சுலபமாக இருந்தது.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. பாவம், ராத்திரி பகலாக அந்த எண்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியவர் அவர்தானே. என்னிடம் வந்து மெதுவாக, "ஏன் மேடம் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டார்.

எனக்கும் அழுகை வந்துவிட்டது. "நீங்க 'எழுதினீங்களா'ன்னுதான் டாக்டர் கேட்டீங்க. 'எழுத முடியுதா'ன்னு கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்" என்றேன். குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. வாயில் அப்படி வந்துவிட்டது.

பெரிய டாக்டர் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவார், ஆராய்ச்சியை மூடிவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து எங்கள் நடுவில் போட்டு உட்கார்ந்தார். "தப்பு எங்க மேலயும் இருக்கு. சரி, எப்படி இருந்தா உங்களால செய்ய முடியும்? சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்று பேனாவைத் திறந்தார்.

முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. திறந்த பிறகு மூட முடியவில்லை!

நான் தண்ணி லாரியைச் சொன்னேன். டி.பி. பயத்தைச் சொன்னேன். காசிமேட்டு அக்கா, "காலைல ஆறுன்றீங்களே, எனக்கு அது மத்தியானம் மாரி. மூணு மணிக்கே ஏலத்துக்குப் போய்டுவேன். எது எனக்குக் காலைன்னு கேட்டீங்களா?" என்றார். படிக்கத் தெரியாததால் உங்களுக்குக் கஷ்டமா என்று டாக்டரம்மா கேட்டதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நம்பரு தெரியாதுன்னு யாரு சொன்னது? ஏலத்துல நம்பர விட்டா நான் கூடையோட வூட்டுக்குப் போவ வேண்டியதுதான். எழுதத்தான் வராது. இந்தப் பீப்பிய அப்டியே நோட்டுல படமா போட்டுக் குடு. முள்ளு எங்க நின்னுச்சோ அங்க ஒரு கோடு இஸ்துட்டுப் போறேன்."

டாக்டரம்மா அவரையே பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தாளில் குழாயின் படத்தை வரைய ஆரம்பித்தார்.

பாய் சொன்னதுதான் எல்லாரையும் திகைக்க வைத்தது. மாதாமாதம் எங்களிடம், "படியேறும்போது மூச்சு வாங்குகிறதா?" என்று ஒரு கேள்வி கேட்பார்கள். அவர் எப்போதும் இல்லை என்றே சொல்லிவந்திருக்கிறார். அதனால் அவருக்கு நன்றாகக் குணமாகி வருகிறது என்று எழுதியிருந்தார்கள். "படியேறினா மூச்சு வாங்கும்னு நான் படியே ஏறுறதில்ல டாக்டர் சாப். மாடியில இருக்கிற மவ வூட்டுக்குப் போயே ஒரு வருசம் ஆவுது. கேள்வி அப்படி இருந்துச்சு, பதிலும் அப்படிச் சொன்னேன்" என்றார்.

பெரிய டாக்டர் தான் எழுதியிருந்ததை அடித்தார். பிறகு, "அப்ப உங்களுக்கு எது நடந்தா மூச்சு நல்லா இருக்குன்னு சொல்லுவீங்க?" என்று கேட்டார்.

தொழுகையில் குனிந்து நிமிர்ந்தால் இரைக்கக் கூடாது என்றார் பாய். ஏலம் எடுத்த இடத்திலிருந்து ஆட்டோ வரைக்கும் கூடையை நடுவில் இறக்காமல் போக வேண்டும் என்றார் அக்கா. பால்வாடிக் குழந்தைகளோடு ஒரு பாட்டை நிறுத்தாமல் முழுசாகப் பாட வேண்டும் என்றேன் நான். ஆளாளுக்கு ஒன்று. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அன்று கூட்டம் முடிய இருட்டிவிட்டது.

ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. அதுவரை எழுதிய நோட்டுகள் எல்லாம் வீண். பெரிய டாக்டர் அதை மறைக்காமல் ஆராய்ச்சிக்கு அனுமதி தரும் மேல் கமிட்டிக்கு அப்படியே எழுதிவிட்டார். ஆராய்ச்சியை அவர்கள் நிறுத்திவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று வாரம் கழித்துத் தகவல் வந்தது. நோயாளிகள் சிலரையும் நேரில் வரச் சொன்னார்கள். அக்கா, பாய், நான், மூவரும் போனோம்.

நீளமான மேசை, சுற்றிலும் கோட்டு போட்டவர்கள். ஏ.சி. குளிரில் பாய்க்கு இருமல் வந்துவிட்டது. "அத்த கொஞ்சம் நிறுத்துங்க சார், மூச்சப் பத்திப் பேச வந்துட்டு இங்கயே மூச்சு நின்னுடப் போவுது" என்று அக்கா சொல்ல, ஒருவர் எழுந்து போய் ஏ.சி.யை நிறுத்தினார். அந்த நிமிஷமே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

நாங்கள் கையெழுத்துப் போட்ட அந்த நாலு பக்கத் தாளை என்னிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். 'ஆய்வுக்கு உட்படுத்தப்படுபவர்' என்று வரும் இடமெல்லாம் அக்கா, "அது யாரு?" என்று கேட்டார். நாம்தான் என்றேன். "நாமளா! நானு எதோ அறுத்துப் பாக்குற மீனாக்கும்னு நெனச்சேன்" என்றார். மேசையைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். தலைமையில் இருந்த அம்மா பேனாவை எடுத்து அந்த வார்த்தையை அடித்துவிட்டு, "நீங்களே சொல்லுங்க, என்ன போடலாம்?" என்றார். கொஞ்சம் யோசித்து, 'ஆய்வில் பங்குகொள்பவர்' என்றேன்.

அவர்களில் ஒருவர் மட்டும் நியாயமாக ஒரு கேள்வி கேட்டார். மறுபடியும் நீங்கள் பொய் எழுத மாட்டீர்கள் என்று எப்படி நம்புவது? அதற்குப் பாய்தான் பதில் சொன்னார். "ஊதாத நாளை ஊதலன்னு விட்டா திட்ட மாட்டோம்னு நீங்க சொல்லுங்க. நாங்க பொய் எழுத மாட்டோம்."

அனுமதி கிடைத்துவிட்டது! புது நோட்டு வந்தது. ஒவ்வொரு நாளுக்கும் குழாயின் படம். நேரத்தை அவரவரே போட்டுக்கொள்ளலாம். பக்கத்துக்குக் கீழே 'இன்று ஊதவில்லை' என்று ஒரு கட்டம். முதல் பக்கத்தில் அவரவர் சொன்ன சொந்தக் கேள்வி. டாக்டரம்மா எங்கள் வீட்டுக்கே வந்து, தெருப் பெண்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வீசிங் வேறு டி.பி. வேறு என்று விளக்கி எல்லாரையும் ஊதவும் வைத்தார். அதற்குப் பிறகு மாமியாரே, "இன்னும் ஊதல பாரு நீ" என்று குழாயை எடுத்து நீட்டுவார்.

என் புது நோட்டு பார்க்கச் சகிக்காது. மஞ்சள் கறை, கோணல் கோடு, மாதத்தில் ஐந்தாறு நாள் காலி. ஆனால் ஒருநாள் அதைப் புரட்டும்போது ஒன்று கண்ணில் பட்டது. சில நாள் காலையில் மட்டும் என் கோடு சட்டென்று கீழே இறங்கியிருந்தது. என்ன காரணம் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்த நாட்களுக்கு முந்தின ராத்திரியெல்லாம், கொசுத் தொல்லை தாங்காமல் கதவைச் சாத்திக்கொண்டு கொசுவத்தி ஏற்றியிருக்கிறோம்! டாக்டரம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "நிறுத்திப் பாருங்க மேடம், நோட்டே சொல்லும்" என்றார். மூர் மார்க்கெட்டில் ஒரு கொசுவலை வாங்கினோம். இரண்டே வாரத்தில் என் கோடு மேலே ஏறியது. அந்த மழைக்காலத்தில் என் மகள் ஒரு ராத்திரிகூட எழுந்து உட்காரவில்லை. அவள் வாய் திறந்து அயர்ந்து தூங்குவதை நானும் கணவரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு படுத்திருப்போம்.

ஒரு வருடம் கழித்து முடிவுகளை வெளியே யாருக்கும் சொல்வதற்கு முன்னால் எங்களுக்குத்தான் சொன்னார்கள். ராயபுரத்தில் ஒரு சின்ன மண்டபம். பெரிய டாக்டர் படம் போட்டுக் காட்ட, எங்கள் ஆட்கள் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டு அவரை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். காசிமேட்டு அக்கா ஒரு பெரிய டிபன் கேரியர் நிறைய வஞ்சிரம் வறுத்துக் கொண்டுவந்திருந்தார். கூடையை அந்த வாரம் ஒரு தடவைகூட இறக்கவில்லையாம். பாய், மகள் வீட்டு மாடியில் உட்கார்ந்து நோன்பு திறந்த கதையை மூன்று தடவை சொன்னார். டாக்டரம்மா இரண்டாவது துண்டு மீனுக்குக் கை நீட்டியபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். முன்பு கூடத்தில் அவரை அழவைத்ததற்கு எனக்கு அன்றுதான் மன்னிப்புக் கிடைத்தது போல இருந்தது.

சில வருடம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. வேறு ஊருக்குப் போய், அங்கே ஒரு புது ஆராய்ச்சி தொடங்குகிறாராம். "இன்னும் ஒரு கேள்விகூட எழுதல மேடம். நீங்களும் அக்காவும் வந்தாத்தான் ஆரம்பிக்கணும்னு வெச்சிருக்கேன்" என்றார். பொய் எழுதியதற்காக வாழ்நாள் முழுக்க வெட்கப்பட வேண்டியவளை, உண்மையைச் சொன்ன ஒரே காரணத்துக்காகப் பக்கத்தில் உட்காரவைத்து யோசனை கேட்டார்களே, அந்த மரியாதைதான் எனக்கு இன்றுவரை கிடைத்த மருந்துகளிலேயே பெரிய மருந்து.